நடவாத போட்டிகளின் வரலாறு

முகம்மது அலியும் ராக்கி மார்சியானோவும் மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார்? ஜாக் ஜான்சனும் ஜோ லூயிஸும் தத்தம் முழு வலிமையோடு ஒரே மேடையில் ஏறியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? குத்துச்சண்டையில் ஆர்வமுள்ள இளைஞர்கள் கூடுமிடமெல்லாம் இவ்வினாக்கள் எழுவதுண்டு. விடை காண இயலாத வீண் பேச்சு என்று பெரியவர்கள் இதனை ஒதுக்கிவிடுவர். நாம் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. இவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றால், நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய வேறொரு வரலாற்றின் வாயிலில் போய் நிற்க நேரிடும் என்பதே காரணம்.

இவ்வினாவுக்கு விடை தேடி ஒருமுறை கணிப்பொறியையே நாடினர். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மர்ரி வொரோனர் என்பார், பல காலங்களைச் சேர்ந்த பதினாறு ஹெவிவெயிட் வீரர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களுடைய வேகம், குத்தின் வலிமை, தாங்கும் ஆற்றல் முதலியவற்றைப் பற்றி வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு, அக்கருத்துகளை எண்களாக்கிக் கணிப்பொறிக்குக் கொடுத்தார். அது தந்த முடிவுகள், நேரில் கண்டு வருணிப்பது போல வானொலியில் ஒலிபரப்பப்பட்டன. இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்சியை வென்று மார்சியானோ முடிசூடினார். அலியோ, பழைய வீரரான ஜேம்ஸ் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது.

அவ்வாண்டில் அலியின் நிலை என்ன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1964இல் சன்னி லிஸ்டனை வென்று உலகப் பட்டம் பெற்றவர் அவர். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், 1967 ஏப்ரல் 28 அன்று படையில் சேர மறுத்தார். பட்டமும் பறிபோயிற்று, மேடையேறும் உரிமையும் பறிபோயிற்று. நேரில் சண்டையிட ஒருவரும் இடந்தராத காலத்தில், தாம் ஏறாத மேடையில் தாம் தோற்றதாக ஊரெங்கும் ஒலிபரப்பினால் எவர்தாம் பொறுப்பர்? பத்து இலட்சம் டாலர் கேட்டு அலி வழக்குத் தொடுத்தார். முடிவில் சமரசம் ஏற்பட்டு, மார்சியானோவுடன் திரைப்படத்துக்காக மோத உடன்பட்டார்.

1969இல் மயாமியில் அப்படப்பிடிப்பு நடந்தது. 1956இலேயே ஓய்வு பெற்றுவிட்ட மார்சியானோ, பெருத்திருந்த உடலைக் கடும் பயிற்சியால் இளைக்கச் செய்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடியும் அணிந்து வந்தார். ஒரு நிமிட அளவிலான சுற்றுகள் எழுபதுக்கு மேல் எடுக்கப்பட்டன. பல வகையான முடிவுகளும் தனித்தனியே படமாக்கப்பட்டன. தம் நாற்பத்தாறாம் பிறந்த நாளுக்கு முந்தைய நாளான 1969 ஆகஸ்ட் 31 அன்று மார்சியானோ விமான விபத்தில் மாண்டார். படத்தை அவர் பார்க்கவே இல்லை. 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் அது காட்டப்பட்டபோது, பதின்மூன்றாம் சுற்றில் அலி வீழ்ந்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ அலி வென்றார். கடல் கடந்தால் கணிப்பொறிக்கும் மனம் மாறும் போலும்! அப்பொறி அலபாமாவில் செய்யப்பட்டதாக இருக்கும் என்று அலி எள்ளி நகைத்தார் என்பர். கறுப்பின மக்களை நிறவெறி வாட்டிய தென் மாநிலம் அலபாமா என்பதை அறிந்தால் அந்நகையின் கசப்பு விளங்கும்.

கணிப்பொறி கிடக்கட்டும், நாமே சீர்தூக்கிப் பார்ப்போம். மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காதவர். அவற்றுள் 43இல் எதிரியை முழுச் சுற்றும் ஆடவிடாமல் முடித்தவர். எனினும் ஆறடிக்கும் குறைவான உயரமும் 185 பவுண்டை ஒட்டிய எடையும் உடையவர். இன்றைய விதிப்படி 200 பவுண்டுக்குக் கீழ்ப்பட்டவர் ஹெவிவெயிட்டுக்கு அடுத்த கீழ்ப்பிரிவிலேயே இடம் பெறுவர். அலி ஆறடி மூன்றங்குல உயரமும், 210 பவுண்டுக்கு மேற்பட்ட எடையும், அவரினும் ஏறத்தாழப் பத்து அங்குலம் மிகுந்த கைவீச்சும் உடையவர். 1954இல் எஸ்ஸார்டு சார்லஸுடன் இரண்டாம் முறை மோதியபோது மார்சியானோவின் மூக்கு பிளந்து குருதி கொட்டிற்று. நடுவர் நிறுத்திவிடுவாரோ என்னும் நிலையில் எட்டாம் சுற்றில் அவர் எதிரியை வீழ்த்தித் தப்பினார். அத்தகைய முகத்தை அலியின் இடக்கை விட்டுவைத்திராது. ஆனால் அலிக்கும் இது எளிய சண்டையாக இருந்திராது. குனிந்து நெருங்கி, விடாது விலாவில் குத்தும் ஜோ ஃப்ரேசியரிடம் 1971 மார்ச் 8 அன்று அவர் தோற்றார். மார்சியானோவின் முறையும் அதுவே. நம்மைக் கேட்டால், பதினைந்து சுற்றுப் போட்டியில் பத்தாம் சுற்றுக்குப் பின் அலியின் கை ஓங்கும் என்போம். 1980இல் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதைக் கண்டவர்கள் நம் பக்கமே நிற்பர். அவர்களுடைய தீர்ப்பு நடுநிலையானது என்று நாம் கூறவில்லை.

சுற்றுகளின் கணக்கும் காலத்துக்குக் காலம் மாறியதாகும். 1910இல் ஜான்சனும் ஜெஃப்ரீஸும் மோதிய போட்டிக்குக் குறித்த அளவு 45 சுற்று. பின்னர்ப் பட்டப் போட்டி பதினைந்து சுற்றாயிற்று. 1982இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ மேடையில் பட்ட அடியால் இறந்த பின்னர் பன்னிரண்டாகக் குறைந்தது. நாற்பத்தைந்து சுற்றுக்கு மூச்சைச் சேமித்து வைப்பவனுடைய ஆட்டம் வேறு. பன்னிரண்டுக்குள் முடிப்பவனுடைய ஆட்டம் வேறு.

இவையெல்லாம் காலம் பிரித்து வைத்தவர்களைப் பற்றிய பேச்சு. ஒரே காலத்தில், ஒரே நாட்டில் வாழ்ந்தும் மோதவிடப்படாதவர்களைப் பற்றி அந்தக் கணிப்பொறியால் என்ன கூற முடியும்? தேர்வுக்கூடத்துக்குள்ளேயே விடப்படாத மாணவனுக்கு மதிப்பெண் பட்டியல் ஏது? பட்டியலில் உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டு முதல் மாணவன் இவனே என்று அறிவிப்பது எவ்வகை நீதி என்று நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

1880களில் உலக வீரராக விளங்கிய ஜான் எல். சல்லிவன், கறுப்பினத்தவரோடு மோதுவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தவர். அக்காலத்தில் பீட்டர் ஜாக்சன் என்னும் கறுப்பின வீரர் இருந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்து ஆஸ்திரேலியாவில் புகழ் பெற்றவர். 1891 மே மாதத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவரும் ஜேம்ஸ் கார்பெட்டும் 61 சுற்றுகள் மோதியும் வெற்றி தோல்வி இல்லாமல் போட்டி நின்றது. மறு ஆண்டு செப்டம்பரில் அதே கார்பெட் சல்லிவனை வீழ்த்திப் பட்டம் பெற்றார். கார்பெட்டுக்கு ஈடுகொடுத்து 61 சுற்று நின்ற ஜாக்சனுக்கோ பட்டப் போட்டி கிட்டவேயில்லை. 1901இல் அவர் மறைந்தார்.

அலியை வென்றதாகக் கணிப்பொறி கூறிய ஜெஃப்ரீஸ், பட்டம் பெறுமுன் கறுப்பின வீரர்களோடு மோதியவரே. முதுமை எய்தி நலிந்திருந்த ஜாக்சனையும் 1898இல் வென்றார். பட்டம் கைக்கு வந்ததும் நிறக்கோட்டைக் கிழித்து, ஜாக் ஜான்சனோடு மோத மறுத்து, தோல்வி காணாதவராக ஓய்வு பெற்றார். அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு டெக்சாஸில் பிறந்த ஜான்சன், பட்டத்தைத் துரத்திக்கொண்டு ஆஸ்திரேலியா வரை செல்ல வேண்டியதாயிற்று. 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று முதல் கறுப்பின ஹெவிவெயிட் உலக வீரரானார். வெள்ளையரின் மானத்தை மீட்க வருமாறு ஜெஃப்ரீஸை அழைத்தனர். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் பதினைந்தாம் சுற்றில் ஜெஃப்ரீஸ் வீழ்ந்தார். அன்றிரவே பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர், உயிர்களும் பலியாயின. குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லவே 1912இல் சட்டம் தடை விதித்தது. 1913இல் ஜான்சன் மீது தொடுத்த வழக்கின் தண்டனைக்கு 2018இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இங்கே நாம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. பட்டம் பெற்ற பின் ஜான்சனும் தம் இனத்தின் தலைசிறந்த வீரர்களுக்கு வாய்ப்பளிக்கவில்லை. வெள்ளை வீரரோடு மோதினால் கிடைக்கும் பணம் கறுப்பு வீரரோடு மோதினால் கிடையாது என்பது அக்காலச் சந்தையின் விதி. கதவை உடைத்து உள்ளே சென்றவரே அதனைத் தாழிட்டது நமக்கு வருத்தந்தருகிறது; ஆயினும் அக்கதவைச் செய்து மாட்டியவர் அவரல்லர்.

அவ்வாறு வெளியே நின்றவர்களுள் முதன்மையானவர் சாம் லாங்ஃபோர்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர்; ஐந்தடி ஏழங்குலம் அளவே உயரம். 1906இல் ஜான்சனிடம் பதினைந்து சுற்றுகள் நின்று தோற்றார். ஜான்சன் பட்டம் பெற்ற பின் இருவரும் மீண்டும் மோதவேயில்லை. மற்றொருவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஹாரி வில்ஸ். 1919 முதல் 1926 வரை பட்டம் வைத்திருந்த டெம்ப்சியோடு அவர் மோத ஒப்பந்தமே கையெழுத்தாயிற்று, போட்டி நடக்கவில்லை. 1915இல் ஜான்சன் தோற்ற பின் 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை இருபத்திரண்டு ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் அப்பட்டத்துக்கு மோத வாய்ப்பளிக்கப்படவில்லை. மோத வேறு ஆளில்லாமையால் லாங்ஃபோர்டும் வில்ஸும் தமக்குள்ளேயே பதினைந்து முறைக்கு மேல் மோதிக்கொண்டனர். மேடையில் பட்ட அடிகளால் லாங்ஃபோர்டின் கண்ணொளி மங்கியது. 1944இல் பத்திரிகையாளர் ஒருவர் தேடிச் சென்றபோது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் இருண்ட அறையில், பார்வை முற்றும் இழந்து, வறுமையில் தனியே அமர்ந்திருந்தார் அவர்.