அந்த வரிகளை எழுதியவர் யார்?

இன்று உலகின் பெரும் இசை வணிகங்களில் ஒன்று ஹிப் ஹாப். தோழர்களே, அது பிறந்த இடத்தையும், அதை உருவாக்கியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி திட்டமிட்ட விரைவுச்சாலை அங்கிருந்த ஆயிரக்கணக்கான உழைக்கும் மக்களை வெளியேற்றியது. 1970களில் தெற்கு பிராங்க்ஸில் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்த கட்டடங்கள் எரிந்தன. காப்பீட்டுப் பணத்துக்காகத் தங்கள் கட்டடங்களுக்கே தீ வைக்க ஆள் பிடித்த உரிமையாளர்கள் இருந்தார்கள். நகர நிர்வாகமோ செலவைக் குறைப்பதாகச் சொல்லித் தீயணைப்பு நிலையங்களை மூடியது.

1973 ஆகஸ்ட் 11. அங்கே செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு கொண்டாட்டம். நடத்தியவர் சிண்டி கேம்பல் என்ற பெண். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து குடியேறிய 18 வயது கூல் ஹெர்க்.

பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்று ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் போட்டு, சில நொடித் தாளத்தை நிமிடக்கணக்கில் நீட்டினார். தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தட்டின் மேல் குறியிட்டு அந்த முறையைத் துல்லியமாக்கினார். தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்க்கும் சத்தத்தையே இசையாக்கினார் கிராண்ட் விசார்ட் தியோடர். ஆண்கள் நிறைந்த மேடைகளில் ராப் பாடினார் ஷா ராக் என்ற இளம்பெண். பூங்காக்களிலும் கைமாறிய கேசட்டுகளிலும் வளர்ந்த இந்தக் கலைக்கு எழுத்துப் பதிவு இல்லை.

1979இல் நியூஜெர்சியின் சுகர்ஹில் நிறுவனம் ‘ராப்பர்ஸ் டிலைட்’ இசைத்தட்டை வெளியிட்டது. ராப்பை உலகுக்குக் கொண்டுபோன பாட்டு அது. பாடிய மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க், பிராங்க்ஸ் கலைஞர் கிராண்ட்மாஸ்டர் காஸின் வரிகளை எடுத்துப் பாடினார். காஸின் மேடைப் பெயர் எழுத்தெழுத்தாக அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது!

அதன் இசை ‘ஷிக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாடலிலிருந்து வந்தது. அதை எழுதிய நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குத் தொடுப்போம் என்றதும், பாட்டின் ஆசிரியர்களாக அவர்கள் பெயர் ஏறியது. அவர்களிடம் பதிவு செய்த பாடல் இருந்தது. காஸிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். அவர் பெயர் ஏறவில்லை.

இதை வெள்ளையர் கறுப்பரைச் சுரண்டிய கதை என்று எளிதாக முடித்துவிட முடியாது. சுகர்ஹில்லை நடத்திய சில்வியா ராபின்சன் கறுப்பினப் பெண். அவரே ஒரு பாடகி. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஆவணம் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கே வரலாறும் வருமானமும் போகின்றன.

2007இல் அந்தச் செட்ஜ்விக் கட்டடத்தை ஹிப் ஹாப்பின் பிறப்பிடமாக நியூயார்க் மாநிலம் அங்கீகரித்தது. 2011இல் நோயுற்ற ஹெர்க்கிடம் மருத்துவக் காப்பீடு இல்லை. சிகிச்சைச் செலவுக்கு ரசிகர்களிடம் உதவி கேட்க வேண்டி வந்தது.

ஆகவே தோழர்களே, நாம் கட்டும் பாட்டையும் நாடகத்தையும் முழக்கத்தையும் உருவாக்கியவர் பெயரோடு, தேதியோடு எழுதி வைப்போம். கூட்டத்தை நடத்திய பெண்ணின் பெயரையும் சேர்த்தே எழுதுவோம்.