6,000 வோல்ட்டும் ஒரு முழக் கம்பியும்

தூத்துக்குடி உப்பளங்களின் நடுவே செல்லும் சாலையில், பனி இறங்கிய விடியற்காலையில் நடந்து பாருங்கள். உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்களிலிருந்து 'உஸ்' என்ற சீறல் கேட்கக்கூடும். இருட்டு விலகாதிருந்தால் மங்கிய நீல ஒளிகூடத் தெரியும். பீங்கான் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆனால் கடற்காற்று அதன்மேல் படியவைத்த உப்பு, பனியில் கரைந்து மின்சாரம் கசிய வழி செய்து கொடுக்கிறது. ஒரு நல்ல மழை பெய்தால் உப்பு கழுவப்பட்டுவிடும். ஆனால் எந்த மழையின்மையால் இவ்வூரில் உப்பு விளைகிறதோ, அதே மழையின்மைதான் மின்வாரியத்தாருக்குத் தொல்லை! தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாயிற்று. 1979-இல் அதன் அருகே அனல் மின்நிலையத்தின் முதல் 210 மெகாவாட் பிரிவு இயங்கத் தொடங்கியது. அன்று முதல் இக்கரையில் உயர் அழுத்தக் கம்பிகளும் உப்புக் காற்றும் அடுத்தடுத்தே வாழ்கின்றன.

இக்கசிவின் தொல்லையை ஒரு மரச்சட்டத்துக்குள் அடக்கிக் காட்டும் கருவி ஒன்று உண்டு. அது நிலைமின் ஒலிபெருக்கி. கோயில் திருவிழாவில் நீங்கள் கேட்கும் குழாய் ஒலிபெருக்கியில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். நிலைமின் ஒலிபெருக்கியில் இவ்விரண்டும் இல்லை. துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவில் மிக மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சவ்வுக்கு மின்னேற்றம் கொடுத்துவிட்டு, பாட்டின் மின்னலைகளைத் தகடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஒரு தகடு சவ்வை இழுக்க, மற்றது தள்ள, சவ்வு முழுவதும் ஒன்றாக அசைந்து காற்றை அதிர வைக்கிறது.

காந்தச்சுருள் ஒலிபெருக்கியை 1925-இல் ரைசுடன் சேர்ந்து உலகுக்கு அளித்த அமெரிக்கப் பொறியாளர் கெல்லாக், இந்த நிலைமின் வகைக்கும் 1934-இல் காப்புரிமை பெற்றார் என்பது வியப்பான செய்தி. தம் கண்டுபிடிப்புக்குத் தாமே போட்டி தேடியவர்! ஆயினும் அக்காலத்தில் தகுந்த சவ்வு கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் வந்தன. இங்கிலாந்தில் ஹன்டிங்டன் நகரத்தைச் சேர்ந்த பீட்டர் வாக்கர் 1957-இல் 'குவாட்' நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்க வைக்கும் கருவி போன்ற தோற்றம். ஆனால் ஒலியோ அத்தனை தெளிவு! 1985 வரை இம்மாதிரி செய்யப்பட்டது. இன்றும் பலர் அதைப் பழுது பார்த்துப் பயன்படுத்தி வருகிறார்கள்.

அதன் தாழ்ந்த ஒலிக்கான சவ்வுகளுக்குச் சுமார் 6,000 வோல்ட்டும், உயர்ந்த ஒலிக்கான சவ்வுக்குச் சுமார் 1,500 வோல்ட்டும் தரப்படுகின்றன. இவ்வளவு அழுத்தத்தைச் சுமந்து செல்லும் கம்பியில் ஓடும் மின்னோட்டமோ ஏறத்தாழ ஒன்றுமில்லை. சவ்வு ஒருமுறை மின்னேற்றம் பெற்றால் போதும்; இழப்பை மட்டும் ஈடு செய்தால் சரி. ஆகவே இக்கம்பியின் வேலை மின்சாரத்தைக் கொண்டு செல்வதைவிட, அதை வெளியே விடாமல் காப்பதே.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வீட்டு வயரிங்கை 'மெக்கர்' கொண்டு சோதிக்கும் வயர்மேன், மின்காப்பின் தடை 10 லட்சம் ஓம் இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார். அதே தடையின் குறுக்கே 6,000 வோல்ட் இருந்தால் 6 மில்லிஆம்பியர் கசியும். இந்த ஒலிபெருக்கியின் மின்வழங்கியால் அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தர இயலாது, அழுத்தம் படுத்துவிடும். நம் வீட்டுக்கு நல்ல கம்பி, இங்கே ஓட்டைக் குடம்.

இந்த ஓட்டையை முதன்முதலில் அளந்து பார்த்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் கூலூம். மின்னேற்றங்களின் விசையை 1785-இல் அளந்த அவர், ஏற்றம் தானே குறைந்துகொண்டே போவதைக் கண்டார். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இழப்பும் மிகுந்தது. தாங்கும் பட்டு நூலின் வழியாகவும் கசிவு இருந்தது. நூலுக்கு அரக்குப் பூசிக் கசிவைக் குறைத்தார்.

அரக்குக்குப் பின் மலாய்க் காட்டு மரங்களின் பால் வந்தது. 'கட்டாபெர்ச்சா' எனப்படும் அப்பாலை உறையாகக் கொண்டுதான் 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகள் போடப்பட்டன. ஒரு காலத்தில் முத்துக் குளித்த இந்தக் கடலுக்கு அப்பால் இலங்கைக்குச் சென்ற தந்தியும் கடலடிக் கம்பி வழியே சென்றதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டாபெர்ச்சா உப்புநீருக்குள் நெடுங்காலம் கெடாமல் கிடக்கும். வெளியே எடுத்துக் காற்றிலும் வெயிலிலும் வைத்தால் வெடித்துவிடும். ரப்பருக்கும் காற்றே பகை. உயர் அழுத்தத்தைச் சுற்றி உண்டாகும் ஓசோன் வாயு ரப்பரை நுண்ணிய பிளவுகளாக வெடிக்கச் செய்கிறது. பிளவுக்குள் தூசியும் ஈரமும் புகுந்தால் கசிவு தொடங்கிவிடும்.

பழைய ஒலிபெருக்கியில் ஒலி தாழ்ந்து, இடையிடையே 'டிக் டிக்' என்ற சத்தம் வந்தால், சவ்வு போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். விலை மதிப்பு மிக்க கருவி இப்படித்தான் மூலைக்குப் போகிறது. முதலில் ஐயப்பட வேண்டியது கம்பியையே. ஈரமான நாளில் குறையும் ஒலி வறண்ட நாளில் மீண்டும் எழுகிறதா என்று கவனியுங்கள். எழுந்தால் கசிவு என்று கொள்ளலாம்.

மாற்றும் கம்பி, 6,000 வோல்ட்டைவிட நன்கு உயர்ந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட சிலிக்கோன் ரப்பர் உறைக் கம்பியாக இருப்பது நலம். சிலிக்கோன் மீது நீர் ஏடாகப் படராது; தாமரை இலையில்போல் முத்துமுத்தாக நிற்கும். அதனால்தான் கடற்கரை மின்பாதைகளிலும் பீங்கானுக்குப் பதில் சிலிக்கோன் இன்சுலேட்டர்கள் புகுந்துள்ளன. பற்றவைத்த முனைகள் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கலாகாது. கூர்முனையிலிருந்து மின்னேற்றம் காற்றில் ஒழுகும். கம்பி உலோகச் சட்டத்தை உரசாமல் செல்ல வேண்டும். வெறுங்கையால் தடவியபின் சாராயத்தால் துடைக்காமல் மூடிவிடாதீர்கள். வியர்வையும் உப்புநீர்தானே! பழைய கம்பியை எடுக்கும்போது அதோடு பிடித்திருந்த பசையும் அழுக்கும் போகாவிட்டால், புதுக் கம்பி போட்டும் பயனில்லை.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கருவியை மின்சாரத்திலிருந்து பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் ஏற்றம் தங்கியிருக்கும். நெடுநேரம் விட்டு, உயர்ந்த தடை ஒன்றின் வழியே அதை வடியச் செய்த பின்னரே உள்ளே கை வைக்கவேண்டும். சவ்வுக்குச் செல்லும் மின்னோட்டம் சிறிதென்று எண்ணி ஏமாறாதீர்கள். தகடுகளுக்குப் பாட்டைக் கொண்டு செல்லும் டிரான்ஸ்பார்மரும் ஆயிரக்கணக்கான வோல்ட் தரவல்லது; அதன் மின்னோட்டம் அத்தனை சிறிதன்று. அனுபவமுள்ளவர் அருகில் இல்லாமல் இவ்வேலையில் இறங்கவேண்டாம்.

வேலை முடிந்ததும் 6,000 வோல்ட் வருகிறதா என்று சாதாரண மீட்டரை வைத்துப் பார்க்க முடியாது. மீட்டர் தாங்காது என்பது ஒருபுறம். மறுபுறம், அதன் தடை ஒரு கோடி ஓம் அளவே ஆதலால் அதுவே பெரிய கசிவாகிவிடும். இதற்கு 100 கோடி ஓம் தடையுள்ள தனி முனை வேண்டும். இல்லையெனில் கெல்வின் பிரபு அமைத்த நிலைமின் வோல்ட்மீட்டர் போன்றதொன்று வேண்டும். அதில் மின்னேற்றம் பெற்ற தகடுகள் ஒன்றையொன்று இழுக்க, முள் நகரும், மின்சாரம் செலவாவதில்லை. மின்னேற்றம் சவ்வு முழுதும் பரவச் சில மணி நேரம் பிடிக்கலாம். ஆகவே பாட்டை அன்றே கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாமல், ஓர் இரவு விட்டு மறுநாள் கேளுங்கள்.