பக்கத்து ஊரின் பொறுப்பு: மைசூரும் பேரிடர் நிவாரண ஒருங்கிணைப்பும்

2019 ஆகஸ்டு 8ஆம் தேதி வயநாட்டின் புத்துமலையில் மலை சரிந்தது. மறுநாள் குடகின் தோராவிலும் சரிந்தது. அதே மழை கபினி ஆற்றில் இறங்கியது. பீச்சனஹள்ளி அணையிலிருந்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, நஞ்சன்கூட்டின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்தது. மைசூர்–நஞ்சன்கூடு சாலையிலும் வெள்ளம் ஏறிப் போக்குவரத்து நின்றது. தமிழ்நாட்டில் நாம் அந்த வாரம் மேட்டூருக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடைபட்ட அந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை 766. மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், சுல்தான் பத்தேரி வழியாகக் கல்பற்றைக்குப் போவது. வயநாட்டுக்கு அரிசி ஏற்றிச் செல்லும் வழியை வயநாட்டில் பெய்த மழையே மறித்துவிட்டது.

ஆற்றுக்கு மாவட்ட எல்லை தெரியாது. நிவாரணத்தைத் திட்டமிடும் நம் முறையோ மாவட்ட எல்லைக்குள்ளேயே நிற்கிறது. தன்னார்வ அமைப்புகளையும் அவற்றின் பொருள்வளத்தையும் ஒருங்கிணைக்க ஏற்ற இடம் பேரிடர் விழுந்த ஊரன்று. அதற்குப் பக்கத்தில், சாலையும் மின்சாரமும் குலையாமல் நிற்கும் ஊர். அந்த ஊருக்கு இன்று பாசம் இருக்கிறது, பண்டம் இருக்கிறது, முறைப்படியான பொறுப்பு மட்டும் இல்லை. இதை மைசூரை முன்வைத்து நிறுவ முயல்கிறேன்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசம், மாநிலம், மாவட்டம் என மூன்று அடுக்குகளில் ஆணையங்களை அமைத்தது. தன்னார்வ அமைப்புகளை ஈடுபடுத்துவது மாவட்ட ஆணையத்தின் கடமைகளில் ஒன்று. ஆனால் சட்டம் சுட்டுவது அந்த மாவட்டத்துக்குள் வேலை செய்யும் அமைப்புகளைத்தான். 2018 ஆகஸ்டில் குடகு சரிந்தபோது மடிக்கேரியிலிருந்து மங்களூருக்கு இறங்கும் சாலை ஜோடுபாலா பக்கம் துண்டிக்கப்பட்டு, மைசூர்–குஷால்நகர் பாதையே பெருவாசலாக மிஞ்சியது. மைசூரிலிருந்து கிளம்பிய டெம்போக்கள் பல குடகின் கணக்கிலும் வரவில்லை, மைசூரின் கணக்கிலும் வரவில்லை. யாரும் தவறு செய்யவில்லை. அவற்றை எண்ணுவது எவருடைய வேலையாகவும் வகுக்கப்படவில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணில் புதைந்தபோது இடையில் மாநில எல்லையும் சேர்ந்துகொண்டது.

மைசூரின் கையிருப்பு சாதாரணமானதன்று. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950 முதல் செலுவாம்பா மாளிகையில் இயங்குகிறது. 2015இல் சென்னை வெள்ளத்துக்கும் 2018இல் கேரளத்துக்கும் குடகுக்கும் சமைக்காமல் உண்ணத்தக்க உணவு அங்கிருந்து போனது. ராணுவத்துக்கு உணவு வகுக்கும் ஆய்வகமும் இதே ஊரில்தான். லலிதமகால் சாலையில் உள்ள ஆட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பேரிடர் மேலாண்மைக்கென ஒரு மையமே உண்டு. சுத்தூர் மடம், ராமகிருஷ்ண ஆசிரமம், 1984இல் தொடங்கி எச்.டி.கோட்டை ஆதிவாசிகளிடையே பணியாற்றும் சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கம் எனப் பலதரப்பட்ட அமைப்புகளும் அருகருகே உள்ளன. இன்று சுயஉதவிக் குழுக்களுக்காக அறியப்படும் மைராடா 1968இல் பிறந்ததே பைலகுப்பை உள்ளிட்ட இடங்களில் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்தத்தான். மைசூர் மீள்குடியேற்ற, வளர்ச்சி முகமை என்பதன் சுருக்கம் அந்தப் பெயர். எங்கிருந்தோ வந்தவர்களுக்கு இடம் கொடுத்துப் பழகிய மாவட்டம் இது.

இவ்வளவும் இருந்தும் நிவாரணம் ஏன் தடுமாறுகிறது? மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். இந்த வேலையில் ஒரு நாளாவது நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். முடிச்சிட்ட பழைய சேலை. அதற்குள் ஒற்றைக் கைக்குட்டை முதல் கல்யாணக் கோட்டு வரை. சலவைத்தூள் பொட்டலம் உடைந்து பிஸ்கட் முழுக்க அந்த வாடை. நாப்கின் பெட்டி ஒன்று அரிசிக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். இதைப் பிரிக்க ஒரு மூட்டைக்கு இருவர், கால் மணி நேரம். இந்த வேலை மைசூரின் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தால் மின்விசிறி சுழலும், தரை உலர்ந்திருக்கும், வேண்டாததை அங்கேயே ஒதுக்கலாம். அதே வேலை முகாமில் நடந்தால், வீட்டை இழந்தவர்கள் படுத்திருக்கும் பள்ளி வராந்தாவில் நடக்கும். அங்குள்ள இரண்டே இரண்டு கிராம அலுவலர்கள் இறந்தோர் பட்டியலை விட்டுவிட்டு வந்து சட்டை பிரிப்பார்கள். பின்னால் பிரிக்க வேண்டியதை முன்னால் அனுப்புவது நிவாரணத்தின் பெயரில் வைக்கும் சுமை. மனம் இளகிக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை என்பதே என் வருத்தம்.

தமிழ் வாசகருக்கு இதன் முன்னுதாரணம் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில நாட்களில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து குவிந்தன. பழைய துணி சாலையோரம் மலையாகக் கிடந்தது. 2005 ஜனவரி முதல் தேதி, கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் தொடங்கியது. எந்த ஊருக்கு யார் போனார்கள், என்ன கொடுத்தார்கள், இன்னும் என்ன இல்லை என்பதை அது ஊர்வாரியாகத் திரட்டியது. இது அரசின் அக்கறைக்கும் தொண்டர்களின் உழைப்புக்கும் சான்றாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அதைத் தொடங்கிய இரு அமைப்புகளைக் கவனித்தால் வேறொன்றும் புலப்படும். ஸ்நேகா நாகையிலேயே மீனவப் பெண்களிடையே வேலை செய்துவந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்போ திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. உள்ளே இருந்த ஒருவர் தேவையைச் சொல்ல, வெளியே இருந்த ஒருவருக்கு அதைக் கேட்டு ஒழுங்குபடுத்தத் தெம்பு இருந்தது. இருவருக்கும் அலைக்கு முன்பே கடற்கரையில் பழக்கம். மையம் ஒரே வாரத்தில் எழுந்தது உண்மை. அதற்கான அடித்தளம் பல ஆண்டுகளாகக் கட்டுமரங்களின் நடுவே போடப்பட்டிருந்தது. கட்ச் வட்டாரத்திலும் இதே கதைதான். 1998 புயலுக்குப் பின் கூடிய அமைப்புகளின் வலைப்பின்னலான அபியானால், 2001 பூகம்பத்தின்போது ஊர்களுக்கும் அரசுக்கும் இடையே ‘சேது’ என்ற பெயரில் நடுவங்களைத் திறக்க முடிந்தது.

ஒருங்கிணைப்பு வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 2018 வெள்ளத்தில் கேரள மீனவர்கள் எந்த மையத்துக்காகவும் காத்திருக்கவில்லை. லாரியில் படகேற்றிச் சென்று மீட்டார்கள். 669 படகுகள், மீட்கப்பட்டவர்கள் 65,000 பேர் என்பது அரசுக் கணக்கு. ஒருங்கிணைப்பு என்று உட்கார்ந்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும்? இந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் மீட்பும் நிவாரணமும் ஒரே வேலை ஆகா. மீட்பில் முதலில் போய்ச் சேர்பவனே சரியானவன். நிவாரணத்தில் பத்தாவது பால்பவுடர் லாரி முதல் லாரிக்குத் தடை. தவிர, அந்த மீனவர்கள் உதிரிகளாகவும் வரவில்லை. பங்குக் கோயில், மீனவர் சங்கம், மீன்வளத்துறை ஆகியவற்றின் வழியே அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கட்டுக்கோப்பு இருந்தது. தன்னிச்சை என்று நாம் வியப்பது பல நேரங்களில் பழகிய ஒழுங்கின் வேகமே.

சூரல்மலையில் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு 190 அடி நீளப் பெய்லி பாலத்தை 2024 ஆகஸ்டு முதல் தேதிக்குள் முடித்ததும் இவ்வகைதான். உறுப்புகள் ஒரே அளவில் முன்பே செய்யப்பட்டவை. எந்த ஆணி எந்தத் துளைக்கு என்பதை ஆற்றங்கரையில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

ஒருங்கிணைப்பு என்றால் பட்டியல். பட்டியல் என்றால் விடுபடுவோரும் உண்டு. இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. நாகையில் தலித்துகளும் இருளர்களும் நிவாரணத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டதை அன்றே பலர் பதிவு செய்தனர். மீனவ ஊர்களின் பஞ்சாயத்து வழியே பொருள் போனபோது, பஞ்சாயத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது போகவில்லை. மலைநாட்டில் இதே ஓட்டை தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கிறது. குடகில் லைன் வீடு, வயநாட்டில் பாடி. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். குடியிருப்பவர் கையில் பட்டா கிடையாது. பல பாடிகளில் மூன்று தலைமுறைக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பங்கள், அண்மையில் வந்த அசாம், வங்காளத் தொழிலாளர்கள். இடிந்த வீடுகளின் கணக்கில் உரிமையாளர் பெயர் இருக்கும். உள்ளே அடுப்பு மூட்டியவர் பெயர் இராது. வெளியூர்த் தன்னார்வலர் உள்ளூர்ப் பெரியவர் கொடுக்கும் பட்டியலையே நம்புவார். ஆகவே பக்கத்து ஊர் மையத்துக்குப் பொருள் கணக்கோடு இன்னொரு கணக்கும் வேண்டும்: எந்த லைனுக்கு, எந்தப் பாடிக்கு, எந்த ஆதிவாசி ஹாடிக்கு இன்னும் யாரும் போகவில்லை என்பது.

கர்நாடகத்தில் நிவாரண முகாமைக் ‘கஞ்சி கேந்திரம்’ என்றுதான் நெடுநாள் அழைத்தார்கள். இப்போது ‘காளஜி கேந்திரம்’, அதாவது பரிவு மையம், என்று மாற்றியிருக்கிறார்கள். கஞ்சித் தொட்டி என்ற சொல்லில் பஞ்ச காலத்துத் தழும்பைச் சுமக்கும் நமக்கு இந்த மாற்றத்தின் நல்லெண்ணம் புரியும். கஞ்சிக்கு வரிசையில் நின்றால் போதும். பரிவு என்றால் வரிசைக்கு வர முடியாதவர் யார் என்று ஒருவர் தேடிப் போக வேண்டும்.

நான் முன்மொழிவது புதிய கட்டடமோ புதிய துறையோ அன்று. மைசூர், குடகு, சாமராஜநகர், வயநாடு ஆகிய நான்கு மாவட்ட ஆணையங்களும் காவிரி–கபினிப் படுகையை ஒரே களமாக ஏற்று எழுத்தில் செய்துகொள்ளும் உடன்பாடு. அதன்படி மே மாதம் மைசூரில் கூடி அமைப்புகள் தம் கையிருப்பைச் சொல்வது. 2003இல் தொடங்கிய இந்தியப் பேரிடர் வள வலையமைப்பு எந்திரங்களையும் ஆட்களையும் மாவட்டவாரியாகப் பதிகிறது. அது உதவும். ஆனால் மாடு செல்லாத தடம் புல் மூடிப்போவதுபோல, ஆண்டுக்கு ஒரு முறையாவது அழைத்துப் பேசாத எண் பட்டியலில் இருந்தும் இல்லாததுதான்.

அந்த மே மாதக் கூட்டத்தில் பேச வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். பந்திப்பூர் வழியில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வாகனங்களுக்குத் தடை; 2009 முதல் அப்படித்தான், காட்டு விலங்குகளுக்காக அது தேவையும்கூட. மைசூரில் மாலை ஆறரைக்குக் கொடியசைத்துப் புகைப்படம் எடுத்து அனுப்பும் லாரி குண்டலுப்பேட்டைக்கு அப்பால், மத்தூர் சோதனைச் சாவடியில் விடியும்வரை நிற்க நேரலாம். பால் இருந்தால் திரியும். நஞ்சன்கூட்டில் தண்ணீர் ஏறினால் ஹுன்சூர், கோணிக்கொப்பல், குட்டா வழியாக மானந்தவாடிக்குப் போகலாமா, அந்த வளைவுகளில் எத்தனை டன் லாரி திரும்பும் என்பதை மழைக்கு முன்பே ஓட்டுநர்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். எந்த மண்டபத்தின் வாசலில் லாரி பின்வாங்கி நிற்கும், எதற்குப் படிக்கட்டு மட்டும்தான் என்று எழுதலாம். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்ற உலக அளவுகோலை வைத்துக்கொண்டு, மைசூரின் டேங்கர்கள் எத்தனை பேருக்குப் போதும் என்று கணக்குப் போடலாம்.

இவற்றை எழுதிவைக்கும் பதிவேட்டில் ஒவ்வொரு தன்னார்வலர் பெயருக்கும் எதிரே அவர் பேசும் மொழிகளுக்கு ஒரு கட்டம் வேண்டும். கன்னடம், தமிழ், மலையாளம், வங்காளம், அசாமியம், பணியர் மொழி. முகாமுக்கு வந்து மூன்று நாளாகியும் தன் குழந்தையின் பெயரை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் போய், அவள் பேச்சில் கேட்கக்கூடியவர் மைசூரில் யார், அவரை எந்த வண்டியில் ஏற்றுவது என்பது மே மாதமே தெரிந்திருக்க வேண்டும்.