நாட்பட்ட நகச்சுற்று

நாட்பட்ட நகச்சுற்று என்பது விரல் நகத்தைச் சூழ்ந்துள்ள தோல்மடிப்புகளில் ஆறு வாரங்களோ அதற்கு மேலோ நீடிக்கும் அழற்சி ஆகும். ஆறு வாரங்களுக்குள் அடங்கிவிடுவது கடிய நகச்சுற்று எனப்படும். நகத்தில் ஏற்பட்ட சிறு காயம் ஆறிய பின்னரும் விரல்நுனியில் வீக்கமும் தோல் உரிதலும் மாறாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

உடலமைப்பு

நகத்தின் அடிப்பகுதியில், தோல்மடிப்பையும் நகத்தகட்டையும் இணைக்கும் மெல்லிய தோல்விளிம்பு ஒன்று உள்ளது. நீர், அழுக்கு, நுண்ணுயிரிகள் ஆகியன உள்ளே புகாதவாறு இது அடைப்பாகச் செயல்படுகிறது. காயத்தாலோ, நகம் கடிப்பதாலோ, அழகுபடுத்தும்போது வெட்டித் தள்ளுவதாலோ இவ்விளிம்பு அழிந்தால் மடிப்புக்கும் நகத்துக்கும் இடையே சிறு பை போன்ற இடைவெளி உண்டாகிறது. அதனுள் தேங்கும் ஈரம் அழற்சியை நீடிக்கச் செய்கிறது. அழற்சி நீடிப்பதால் விளிம்பு மீண்டும் வளர்வதில்லை.

காரணங்கள்

கடிய நகச்சுற்று பெரும்பாலும் பாக்டீரியாக்களால், குறிப்பாக ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியசால், ஏற்படுகிறது. நாட்பட்ட வகை அடிப்படையில் ஒரு தொடுதோல் அழற்சியாகும். சவர்க்காரம், சலவைத்தூள், புளிப்புள்ள பழச்சாறுகள், இடைவிடாத ஈரம் ஆகியவை தோலை உறுத்துவதே இதன் தொடக்கம். பாத்திரம் கழுவுவோர், சலவைத் தொழிலாளர், சமையற்காரர், செவிலியர் ஆகியோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. நீரிழிவு உள்ளோருக்கும் வாய்ப்பு அதிகம்.

பாதிக்கப்பட்ட விரல்களில் கான்டிடா என்னும் பூஞ்சை அடிக்கடி காணப்படுவதால், இந்நோய் நெடுங்காலம் பூஞ்சைத் தொற்றாகவே கருதப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் வெளியான, 45 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வில், உட்கொள்ளும் பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளைவிடத் தோலில் பூசும் ஸ்டீராய்டு களிம்பு கூடுதல் பயன் தந்தது. பூஞ்சை இந்நோயின் மூலகாரணம் அன்று, சிதைந்த தோலில் குடியேறும் ஒன்றே என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

அறிகுறிகள்

நகமடிப்பு தடித்துச் சிவந்து, நகத்தை விட்டு விலகி நிற்கும். கடிய வகையில் காணப்படும் கடும் வலியும் சீழும் இதில் பொதுவாக இருப்பதில்லை. இடையிடையே வலியுடன் வீங்கி அடங்கும். நகம் உருவாகும் திசு பாதிக்கப்படுவதால் நகத்தில் குறுக்குப் பள்ளங்களும் மேடுகளும் தோன்றும். கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மட்டுமே வளர்வதால், நோய் தணிந்த பின்னரும் இவ்வடையாளங்கள் மறைய ஆறு மாதங்கள் வரை ஆகலாம்.

சிகிச்சை

விரலை ஈரமின்றி வைத்திருப்பதே முதன்மையான சிகிச்சை. நீரில் வேலை செய்யும்போது உள்ளே பருத்திக் கையுறையும் அதன்மேல் நீர்புகாக் கையுறையும் அணியவேண்டும். கை கழுவியபின் நன்கு துடைத்து ஈரப்பதக் களிம்பு பூசுதல் நன்று. ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் அறிவுரையின்படி மட்டுமே பயன்படுத்த வேண்டும். தோல்விளிம்பு முழுமையாக மீளும்வரை, அதாவது சில மாதங்களுக்கு, இக்கவனம் தேவைப்படும். வீக்கம் குறைந்தவுடன் நிறுத்திவிடுவதால் நோய் திரும்புவதுண்டு.

நகச்சுற்று வந்த விரலை எலுமிச்சம்பழத்தில் துளையிட்டுச் செருகி வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உள்ளது. எலுமிச்சைச் சாற்றின் அமிலம் தோலை உறுத்தக்கூடியது என்பதால் நாட்பட்ட வகைக்கு இது ஏற்றதன்று.

வேறு நோய்கள்

ஹெர்ப்பிஸ் தீநுண்மத்தாலும் விரல்நுனியில் வலியுடன் கூடிய கொப்புளங்கள் தோன்றலாம். அவற்றைச் சீழ்க்கட்டி எனக் கருதிக் கீறுதல் கூடாது. சொரியாசிசும் நகமடிப்பைப் பாதிக்கக்கூடும்.

ஒரே ஒரு விரலில் மட்டும் தோன்றி, முறையான சிகிச்சைக்குப் பின்னரும் ஆறாத புண், மருப்போன்ற தடிப்பு, குருதிக்கசிவு, நகத்தில் அகன்றுவரும் கரும்பட்டை ஆகியவற்றைப் புறக்கணித்தல் ஆகாது. செதிள்செல் புற்றுநோய், மெலனோமா ஆகியன அரிதாக நகச்சுற்றைப் போன்றே தோற்றமளிப்பதுண்டு. பழைய காயத்தின் விளைவே இது என எண்ணிக் காலம் தாழ்த்துவதால் இவை பிந்தியே கண்டறியப்படுகின்றன. இத்தகைய நிலையில் தோல் மருத்துவர் சிறுபகுதியை எடுத்துத் திசுப்பரிசோதனை செய்வதன் மூலம் நோயை உறுதிப்படுத்துவார்.