கொழுப்புக் குறைப்பும் தசைக் காப்பும்

தேகத்தில் சேமிக்கப்பட்ட கொழுப்பை ஆகாரக் குறைப்பாலும் உடற்பயிற்சியாலும் கரைத்து, அதே சமயத்தில் தசை சிதையாதபடி காத்துக்கொள்ளும் முறை கொழுப்புக் குறைப்பு எனப்படும். தராசு முள் இறங்குவதையே பலனெனக் கொள்ளும் வெறும் எடைக் குறைப்பினின்றும் இது வேறானது. நீர், கல்லீரலிலும் தசையிலும் தங்கும் கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு, தசைப் புரதம், கொழுப்பு ஆகிய நான்கில் எது குறைந்தாலும் தராசு ஒரே விடையையே கூறுமாதலால், பட்டினியின் முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கும் எடையைக் கண்டு பூரிப்பவர் பெரும்பாலும் நீரிழப்பைக் கண்டே பூரிக்கின்றனர். உடற்பயிற்சிக் கூடங்களில் கொழுப்பைக் கரைக்கும் பருவத்தைக் 'கட்டிங்' என்றும், தசையைப் பெருக்கும் பருவத்தைப் 'பல்கிங்' என்றும் வழங்குவர்.

கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி வீதம் சக்தி தருவது. கிளைகோஜன் 4 கலோரி அளவே தருவதோடு, வளர்ந்த மனிதன் ஒருவனிடம் ஏறக்குறைய அரைக் கிலோவுக்கு மேல் இருப்பதுமில்லை. புரதத்துக்கோ தனியே பண்டகசாலை ஏதும் கிடையாது. தேகத்திலுள்ள புரதம் யாவும் தசையாகவோ, உறுப்பாகவோ, என்சைமாகவோ ஏதேனும் ஓர் ஊழியத்தில் அமர்ந்திருப்பதால், அதை எரிபொருளாக்கும்போது உடல் தன் உத்தியோகஸ்தர்களையே விற்று ஜீவிக்கிறது என்னலாம்.

உழைப்பின்போது தசை தன்னையே எரித்துக்கொள்கிறதா, அன்றி வேறொன்றை எரிக்கிறதா என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடலியல் சாஸ்திரத்தில் பெரியதொரு விவாதமாக நடந்தது. ஜெர்மானிய இரசாயன மேதை யுஸ்டுஸ் ஃபொன் லீபிக், 1842-இல் வெளியான தமது விலங்கு இரசாயன நூலில், தசை உழைக்குந்தோறும் தன் புரதத்தையே செலவிடுகிறதென்றும், கொழுப்பும் மாவுப்பொருளும் உடற்சூட்டுக்கே உதவுகின்றனவென்றும் சித்தாந்தம் செய்தார். அவருடைய கீர்த்தியின் காரணமாக அது நெடுங்காலம் செல்வாக்குடன் திகழ்ந்தது. உழைப்பாளிக்கு மாமிசமே பலம் என்னும் நம்பிக்கைக்கும் அதுவே ஊன்றுகோலாயிற்று.

இதனைச் சோதிக்க எண்ணிய அடால்ஃப் ஃபிக், யோகன்னஸ் விஸ்லிசேனுஸ் என்னும் இரு ஜூரிச் பேராசிரியர்கள், 1865 ஆகஸ்ட் 30-ஆம் நாள் சுவிட்ஸர்லாந்திலுள்ள பிரியென்ஸ் ஏரிக்கரையினின்று ஃபௌல்ஹார்ன் சிகரத்துக்குக் கால்நடையாக ஏறினர். முதல் நாள் நண்பகல் முதற்கொண்டே நைட்ரஜன் கலந்த உணவை அறவே ஒழித்து, மாவுப்பொருளைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த அப்பங்களையும் சர்க்கரையிட்ட தேநீரையுமே பெரும்பாலும் உட்கொண்ட அவ்விருவரும், ஏறுமுன்பும், ஏறும்போதும், ஏறிய பின்பும் கழித்த சிறுநீரைத் தனித்தனியே சேகரித்து அதிலுள்ள நைட்ரஜனை அளந்தனர். புரதம் எரிந்ததன் சுவடு சிறுநீரில் நைட்ரஜனாகவே வெளிப்படும் என்பது அவர்தம் உபாயத்தின் அடிப்படை. அன்று மாலை, கணக்கு முடிந்த பிறகே மாமிச உணவு கொண்டனர். ஏறிய உயரம் 1,956 மீட்டர். ஃபிக்கின் எடை 66 கிலோ. ஆகவே உடலைத் தூக்கியதற்கு மாத்திரம் அவர் செய்த வேலை 129,096 கிலோகிராம்-மீட்டர். அக்காலத்தில் அவருடலில் எரிந்த புரதமோ சுமார் 37 கிராம். மறு ஆண்டில் எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் என்னும் ஆங்கில இரசாயனர் புரதத்தின் எரிசக்தியை நேரிடையாக அளந்து காட்டியபோது, அந்த 37 கிராமின் சக்தி முழுவதும் வேலையாக மாறியதென்று வைத்துக்கொண்டாலும், செய்த வேலையில் பாதியளவுக்கே அது போதுமென்பது வெளிப்பட்டது. இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் ஆன செலவு இக்கணக்கில் சேரவேயில்லை. லீபிக்கின் சித்தாந்தம் இவ்வாறு வீழ்ந்தது. உழைக்கும் தசையின் பிரதான எரிபொருள் கொழுப்பும் சர்க்கரையுமே என்பது நிலைபெற்றது.

எனினும், உழைப்பு தசையைத் தின்பதில்லை என்பதால் எந்த உழைப்பும் தசையைக் காக்கும் என்று முடிவுசெய்தல் தவறாகும். இதற்குத் துயரமான சான்று, ஆன்செல் கீஸ் என்பவர் 1944–45-இல் மினசோட்டா பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில் நடத்திய பட்டினிப் பரிசோதனை. போர்ப்பணியை மனச்சாட்சியின் பேரில் மறுத்த 36 இளைஞர் தாமாகவே முன்வந்து, 24 வாரங்கள் வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதியே உண்டு, வாரந்தோறும் 22 மைல் நடந்தனர். அவர்தம் எடையில் கால்பங்களவு குறைந்தது. கொழுப்போடு தசையும் கரைந்தது. நடை கலோரியைச் செலவிட்டதேயன்றித் தசைக்கு, தான் இருந்தாக வேண்டுமென்ற நிர்ப்பந்தத்தை உண்டாக்கவில்லை.

அந்நிர்ப்பந்தத்தை உண்டாக்குவது பளுவே. பழைய மல்லர்கள் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனராயினும், சாஸ்திரரீதியாக வகுத்தவர் அமெரிக்க இராணுவ மருத்துவரான தாமஸ் டிலோர்ம். போரில் முழங்கால் அடிபட்டுத் தொடை மெலிந்த சிப்பாய்களுக்கு, இலேசான அசைவுகளைப் பன்முறை செய்விக்கும் அக்கால வழக்கத்தை விடுத்து, இரும்புப் பாதரட்சையில் எடையைக் கோத்து, பத்துத் தடவை மட்டுமே தூக்கவியலும் பளுவைக் கொடுத்து, பலம் ஏற ஏறப் பளுவையும் ஏற்றும் முறையை அவர் 1945-இல் வெளியிட்டார். தண்டால், பஸ்கி போன்ற பயிற்சிகளிலும் எண்ணிக்கையை மட்டும் கூட்டாது கடினத்தைக் கூட்டிக்கொண்டே போவதே தசையைக் காக்கும்.

எடையும் கொழுப்பும் ஒன்றல்ல என்பதை அளவையால் நிறுவியவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி. 1942-இல் அவரும் உடனுழைத்தவரும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரர் 25 பேரை நீருள் அமிழ்த்தி நிறுத்து உடலடர்த்தியைக் கணித்தபோது, படையின் எடை அட்டவணை பருமனென்று தள்ளியவருட் பலர் கொழுப்பு குறைந்த தசைக்கட்டினர் என்பது புலனாயிற்று.

நடைமுறையில், மிதமான கலோரிக் குறைவு, வாரம் இரண்டு மூன்று நாள் எடைப்பயிற்சி, உடலெடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம், போதிய உறக்கம் ஆகியன வேண்டப்படும். கூடங்களில் 'கார்டியோ' எனப்படும் ஓட்டமும் நடையும் இவற்றுக்குத் துணையே. வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது வீண் நம்பிக்கை. புரதத்தின் பயனுக்குச் சான்றாக, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 40 இளைஞர் நான்கு வாரம் 40 சதவீதம் கலோரி குறைத்துக் கடும்பயிற்சி செய்ததில், கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பல்லாத எடையில் 1.2 கிலோ கூடவும் பெற்றனர், 1.2 கிராம் உண்டவர் 3.5 கிலோ கொழுப்பை இழந்தனர், ஆயின் அவர்தம் கொழுப்பல்லாத எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. அண்மையில் பரவிவரும் செமாகுளூட்டைடு முதலிய ஊசி மருந்துகளால் குறையும் எடையில் தசையும் ஒரு பங்காதலால், அவற்றைக் கொள்வோருக்கும் மருத்துவர்கள் எடைப்பயிற்சியை விதிக்கின்றனர்.