விடத் தெரிந்த பசை

உடையில் ஒட்டிய பஞ்சையும் பிசிறையும் உருட்டி எடுக்கிற லிண்ட் ரோலரின் கதையை ஒரு கார் பெயின்ட் பட்டறையில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

1920-களில் அமெரிக்காவில் இரண்டு நிறக் கார்களின் மேல் பெரிய மோகம். ஒரு நிறம் அடித்துக் காய்ந்ததும் அந்தப் பகுதியைக் காகிதத்தால் மூடிவிட்டு, மிச்ச இடத்தில் அடுத்த நிறம் அடிப்பார்கள். காகிதத்தைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். உரிக்கும்போது புதுப் பெயின்ட்டும் சேர்ந்து வரும். அப்புறம் என்ன, மறுபடி முதலிலிருந்து. மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரத்தில் ஒரு பெயின்டர் இப்படி நொந்துபோய்த் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உப்புத்தாள் சாம்பிளோடு போயிருந்த ரிச்சர்ட் ட்ரூ அங்கே நின்றிருந்தார். 3எம் கம்பெனியின் ஆய்வுக்கூட உதவியாளர். டேப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய கம்பெனியும் அப்போது உப்புத்தாள் விற்றுக்கொண்டிருந்த கம்பெனிதான். ஆனாலும் நான் ஒரு வழி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

கெட்டியாக ஒட்டுகிற பசைக்கு அன்றும் பஞ்சமில்லை. ட்ரூ தேடியது, வேலை முடிந்ததும் தடம் தெரியாமல் கிளம்பிப் போகிற பசையை. எண்ணெய், பிசின் என்று எதையெதையோ கலந்து பார்த்தார். வேறு வேலையைப் பார் என்று மேலிடத்திலிருந்து ஒரு தடவை உத்தரவே வந்தது, மனிதர் விடவில்லை. கடைசியில் தச்சு வேலைப் பசையில் கிளிசரின் சேர்த்ததும், அது காய்ந்து இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றது. அதைச் சுருக்கம் வைத்த கிரேப் காகிதத்தில் தடவி, 1925-ல் மாஸ்கிங் டேப் ஆக்கினார்.

சுமார் முப்பது வருஷம் தாண்டி, இன்னொரு கார் ஊருக்கு வருவோம். மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட், 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். அங்கே நிக்கோலஸ் மெக்கே என்ற இன்ஜினியரும் மனைவி ஹெலனும் 1956-ல் ஒரு பள்ளி நடன விருந்துக்குக் கிளம்பினார்கள். பிள்ளைகள் ஆடும்போது அவர்கள் மேல் ஒரு கண் வைத்திருக்கும் பெரியவர்களாக. கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் சூட் முழுக்கப் பஞ்சு. கையில் அகப்பட்டது ஓர் அட்டைக் குழாய், கொஞ்சம் கம்பி, மாஸ்கிங் டேப். குழாயில் டேப்பைச் சுற்றி, கம்பியை வளைத்துப் பிடி வைத்து, சூட்டின் மேல் உருட்டிவிட்டார் மெக்கே. விருந்து முடிந்த பிறகு அதையே தொழிலாக்கி, ஹெலனின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து 'ஹெல்மாக்' என்று கம்பெனி தொடங்கினார்கள்.

இதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். டேப் ட்ரூவுடையது, உருளை ஆதிகாலத்தது. மெக்கே செய்தது, எப்போதும் உள்பக்கம் பார்த்திருக்கும் பசையை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பியதுதான். அது சின்ன வேலை இல்லை. கையால் டேப்பை உடையில் ஒட்டிப் பிய்க்கும்போது துணியும் கூடவே இழுபடும். உருளையில் அப்படி ஆவதில்லை. அதன் முன்பக்கம் அழுத்திக்கொண்டே போகிறது, அதே நொடியில் பின்பக்கம் உரிந்துகொண்டே வருகிறது. எந்த நேரத்திலும் துணியைத் தொட்டிருப்பது ஒரு மெல்லிய கோடு மட்டும். நூலிழையை இழுக்கிற பலம் அந்தக் கோட்டுக்கு இருக்கிறது; துணியை இழுக்கிற பலம் இல்லை.

பஞ்சு ஏன் ஒட்டுகிறது என்பதையும் சொல்லிவிடலாம். பாதிக் காரணம் நிலைமின்சாரம். உடம்பும் உடையும் உரச உரச மின்னூட்டம் சேரும்; காற்று வறண்டிருந்தால் அது கசிந்து போகாமல் தங்கிவிடும். ஹீட்டர் போட்டு மூடிய வீடுகளில் குளிர்காலத்தில் தொல்லை அதிகமாவது இதனால்தான். ஈரக்கையால் கறுப்பு பேன்ட்டைத் தடவிவிடுகிற நம் வீட்டுப் பழக்கம் அறிவியல்படியும் சரியே. மீதிப் பாதி, இழைகள் நெசவின் இடுக்கில் கொக்கி போட்டுக்கொள்வது. கம்பளித் துணியில் நாய்முடி மாட்டினால் ஈரக்கைக்கெல்லாம் அது மசியாது.

உருளைக்குத் திரும்புவோம். ஜப்பானில் 1983-ல் நிட்டோம்ஸ் கம்பெனி இதே மாதிரி உருளையைத் தரைவிரிப்புக்கென்று விற்க ஆரம்பித்தது. 'கொரொகொரொ' என்ற அதன் பெயர் இன்று அங்கே இந்த வகை உருளை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் போலாகிவிட்டது.

ஆனால் இந்தப் பசை உருளைக் குடும்பம் முழுவதற்கும் ஒரே குறை. பெயின்ட்டிடமிருந்து அழகாகப் பிரிந்து வந்த பசைக்குப் பஞ்சை விடத் தெரியவில்லை. ஒரு சுற்று நிரம்பியதும் கிழித்துக் குப்பையில் போட வேண்டியதுதான். ரீஃபில் விற்கிறவருக்கு அது லாபம்.

திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற கருவி வேண்டுமென்றால், பிடிப்பதோடு விடவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பசையே இல்லாத வழி ஒன்று உண்டு. வெல்வெட் மாதிரியான துணி ஒட்டிய பிரஷ்; அந்தத் துணியின் நுண்ணிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். மீன் செதிலைத் தடவுவது போல ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் விரலை மறிக்கும். மறிக்கிற திசையில் உடையைத் துடைத்தால் சாய்ந்த இழைகள் பஞ்சை வாரி எடுக்கும். நிரம்பிய பிரஷை எதிர்த் திசையில் தள்ளினால் அவ்வளவும் திரளாக உதிரும். சில பிரஷ்களின் உறைக்குள்ளேயே இதே துணியை எதிர்த்துச் சாய்த்து வைத்திருப்பார்கள். உறையில் செருகி உருவினாலே சுத்தமாகிவிடும். ஜப்பானில் இதை மடக்கி, சட்டைப்பையில் வைக்கிற அளவுக்குச் சுருக்கி, சின்னக் கண்ணாடியும் பதித்து விற்கிறார்கள். நாய், பூனை வளர்க்கிறவர்கள் சோபாவில் முன்னும் பின்னும் தள்ளுகிற உருளைக்குள்ளும் இதே துணிதான். முன்னும் பின்னும் போகப்போக முடியை வாரி, உள்ளே இருக்கிற அறைக்குள் சேர்க்கிறது. நானாக இருந்தால் மெக்கேயின் உருளைக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு படி மேலே இதைத்தான் வைப்பேன்.

இன்னொரு வழி, கழுவுகிற ஜெல் உருளை. அதன் மேலே பூசிய பசை என்று எதுவும் இல்லை. அந்த மிருதுவான பாலிமரே ஒட்டும் இயல்புடையது. தூசி படிந்து மூடிக்கொண்டால் ஒட்டாது. குழாயடியில் கழுவிக் காயவைத்தால் பழையபடி ஒட்டும். ஈரத்தோடு மட்டும் உருட்டக் கூடாது, எண்ணெய்க் கை படக் கூடாது.

பவுடர், ஜிகினா மாதிரிப் பொடிகளுக்கு ஜெல் நல்லது, பிரஷ் அவற்றைத் தேய்த்துப் பரப்பிவிடும். முடிக்கும் பஞ்சுக்கும் பிரஷ். பட்டு, லேஸ், தளர்ந்த பின்னல் உடைகளில் பிரஷை அழுத்தித் தேய்த்தால் நூல் எழும்பிவிடும், அங்கே லேசாக உருளையை ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிரஷ் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே நகத்தால் இரண்டு திசையிலும் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினால் கடைக்காரர் உங்களுக்கு விற்கிறது வெறும் வெல்வெட்.