வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? சென்னை சூப்பர் கிங்ஸின் பழைய தலைவலி



2025 நவம்பர் 15 அன்று வந்த அறிவிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. அங்கிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு. எங்கள் புதூர்நாட்டில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்றுதான் போன் பேச வேண்டும். அன்றைக்கு அந்த இடங்களில் எல்லாம் இதே பேச்சு. "காசுக்காக வித்துட்டாங்க" என்று ஒரு கட்சி. "37 வயசு ஆகப்போவுது, இன்னும் எத்தனை வருசம்தான் வெச்சிருப்பாங்க" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் மாறி மாறி இருந்தேன் :-)

பிறகு உட்கார்ந்து பழைய கதைகளைத் தோண்டியபோதுதான் ஒன்று புரிந்தது. சென்னை அணிக்கு இந்தத் தலைவலி 2025இல் வந்ததல்ல. அணி பிறந்த நாளிலேயே வந்தது.

2008 பிப்ரவரி 20, மும்பையில் முதல் ஏலம். அதற்கு முன்பே ஐந்து அணிகளுக்கு ‘ஐகான்’ வீரர் என்று ஒருவர் ஒதுக்கப்பட்டிருந்தார். மும்பைக்குச் சச்சின், கொல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், டெல்லிக்குச் சேவாக், பஞ்சாபுக்கு யுவராஜ். ஐதராபாத்தில் லக்ஷ்மண் தானாகவே அந்தத் தகுதியை விட்டுக்கொடுத்தார். சென்னைக்கு ஐகான் கிடையாது. அப்போது பலர் இதைக் குறையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் விதியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐகான் வீரருக்கு அந்த அணியில் அதிக விலை பெறுபவரை விட 15 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். மொத்தப் பணம் 50 லட்சம் டாலர்தான். தோனியை 15 லட்சம் டாலருக்கு மும்பை எடுத்திருந்தால், சச்சினுக்கு 17 லட்சத்து 25 ஆயிரம் கொடுத்தாக வேண்டும். இரண்டு பேருக்கே 32 லட்சத்துக்கு மேல்! மீதியில் எத்தனை பேரை வாங்குவது? சென்னைக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் தோனி சென்னைக்கு வந்தார்.

ஆக, ‘தல’ என்று நாம் கொண்டாடும் உறவுக்கு அஸ்திவாரம் ஒரு கூட்டல் கணக்கு. கேட்க நன்றாக இல்லைதான், என்ன செய்ய!

அடுத்த வருடமே வீரர்களை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் தொடங்கிவிட்டது. 2009இல் ஜாகீர் கான் பெங்களூரிலிருந்து மும்பைக்குப் போனார், ராபின் உத்தப்பா மும்பையிலிருந்து பெங்களூருக்கு வந்தார். (உத்தப்பாவை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவார்.) 2010இல் ஒரு இளைஞர் தன் அணியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேச்சு நடத்தினார் என்று அந்தப் பருவம் முழுக்கத் தடை செய்யப்பட்டார். யார் தெரியுமா? நம் ஜடேஜாதான். அணி எது? ராஜஸ்தான்! தடை முடிந்து 2011இல் கொச்சிக்குப் போனார். ஒரே வருடத்தில் கொச்சி அணியே காணாமல் போனது. 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னை அவரை எடுத்தது. அதுவும் டெக்கான் சார்ஜர்ஸ் அணியோடு சமநிலையில் முட்டி நின்று, ‘டை-பிரேக்’ வரை போய் எடுத்தது.

இடையில் 2011இன் பெரிய ஏலம். நான்கு பேரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு 90 லட்சம் டாலரில் சரிபாதியான 45 லட்சத்தை இழக்க வேண்டும் என்பது விதி. சென்னை தயங்கவே இல்லை. தோனி, ரெய்னா, முரளி விஜய், ஆல்பி மார்க்கல் என்று நால்வரையும் வைத்துக்கொண்டது. மற்றவர்களை ஏலத்துக்கு அனுப்பி, அஸ்வின், பத்ரிநாத், ஹஸ்ஸி என்று வேண்டியவர்களை மறுபடியும் வாங்கியது. முரளிதரனும் பாலாஜியும் கை நழுவிப் போனார்கள். அந்த ஆண்டு மே 28 சேப்பாக்கம் இறுதி ஆட்டத்தில் விஜய் 95 ரன், அஸ்வின் முதல் ஓவரிலேயே கெய்லைப் பூஜ்யத்தில் வெளியேற்றினார். கோப்பை சென்னைக்கு. வைத்துக்கொண்டவர் ஒருவர், விட்டுத் திரும்ப வாங்கியவர் ஒருவர், இருவரும் சேர்ந்து ஜெயித்துக் கொடுத்தார்கள். ‘பழகிய ஆட்களை விடாதே’ என்ற சென்னையின் கொள்கை அன்றுதான் கெட்டிப்பட்டது என்று நினைக்கிறேன். 2014இலும் அதேதான். தோனி, ரெய்னா, அஸ்வின், ஜடேஜா, பிராவோ என்று ஐந்து பேரையும் வைத்துக்கொண்டு 60 கோடியில் 39 கோடியைக் கொடுத்தார்கள்.

2015 ஜூலையில் லோதா குழு சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. குடும்பம் சிதறியது. தோனியும் அஸ்வினும் புனேவுக்கு. ரெய்னாவும் ஜடேஜாவும் பிராவோவும் குஜராத் லயன்ஸுக்கு. அந்தச் சூதாட்டக் கதை தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே வேண்டாம்.

திரும்பி வந்த 2018இல்தான் முதல் கசப்பு. தோனி 15 கோடி, ரெய்னா 11 கோடி, ஜடேஜா 7 கோடி. அஸ்வின் பெயர் இல்லை. சென்னைப் பையன், சேப்பாக்கத்தில் வளர்ந்தவர்! சர்வதேச ஆட்டம் ஆடிய இந்தியர்கள் மூன்று பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது; அந்த மூன்றும் தீர்ந்துவிட்டதால் ஏலத்தில் ‘எங்களுக்கே வேண்டும்’ என்று உரிமை கோரும் அட்டையையும் அவருக்குப் பயன்படுத்த வழியில்லை. பஞ்சாப் 7.6 கோடிக்கு எடுத்து கேப்டனாகவும் ஆக்கியது. சென்னைக்கு அதனால் நஷ்டமா? உடனடியாக இல்லை. ‘கிழட்டுப் படை’ என்று கிண்டல் செய்யப்பட்ட அணி அந்த வருடமே கோப்பையைத் தூக்கியது. வாட்சன் இறுதி ஆட்டத்தில் 117 அடித்தார். ஆனால் அதே அஸ்வினை 2024 நவம்பர் ஏலத்தில் 9.75 கோடி கொடுத்து வாங்கினார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 31 வயதில் விட்ட ஆளை 38 வயதில் அதிக விலைக்கு வாங்குவது! 9 ஆட்டங்கள், 7 விக்கெட்டுகள். 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார்.

ரெய்னா விஷயம் இன்னும் வலி. 2008 முதல் 2015 வரை சென்னைக்காக ஒரு ஆட்டம்கூடத் தவறாமல் ஆடியவர் அவர். 2021இல் 12 ஆட்டங்களில் 160 ரன்தான் வந்தது. முழங்கால் காயம் வேறு. அவர் இடத்தில் இறங்கியது யார்? நம்ம உத்தப்பா! ராஜஸ்தானிலிருந்து மாற்றலில் வந்தவர், தகுதி ஆட்டத்தில் டெல்லிக்கு எதிராக 63 அடித்து, இறுதி ஆட்டத்திலும் விளாசினார். கோப்பை வந்தது, ரெய்னாவின் கதவு சாத்தியது. அந்த நவம்பர் தக்கவைப்புப் பட்டியலில் ஜடேஜா 16 கோடி, தோனி 12, மொயின் அலி 8, ருதுராஜ் 6. 2022 பிப்ரவரி ஏலத்தில் ரெய்னா பெயரை வாசித்தபோது பத்து அணிகளில் ஒன்றுகூடக் கை தூக்கவில்லை. சென்னையும்தான். அவரை வாங்காதது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டத் திறன் போய்விட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஒருவரை மரியாதையாக வழியனுப்ப ஏல மேடைதான் கிடைத்ததா? ஏலத்துக்கு முன்பே ஒரு விழா, ஒரு மாலை, ஒரு பதவி என்று ஏதாவது செய்திருக்கலாம்.

பேஸ்பால் ஆடும் அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்கு நூறு வருட வரலாறு உண்டு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 1919 டிசம்பரில் பேப் ரூத் என்ற வீரரை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது. அதற்குப் பிறகு பாஸ்டன் சாம்பியன் ஆனது 2004இல்! அங்கே இப்போதைய பிரச்சினை கொஞ்சம் வேறு மாதிரி. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் தன் இஷ்டப்படி போய்விடலாம், அணிக்கு ஆளும் போச்சு, பதிலுக்கு ஆளும் இல்லை. எனவே முடிவதற்கு முன்பே நீட்டிப்பதா, கொடுத்துவிட்டு இளைஞர்களை வாங்குவதா என்று முடிவு செய்தாக வேண்டும். 2022இல் வாஷிங்டன் அணி ஜுவான் சோட்டோவுக்கு 15 வருடத்துக்கு 44 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. 23 வயதுப் பையன் ‘வேண்டாம்’ என்றுவிட்டார். ஆகஸ்டில் அவரைச் சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டு இளம் வீரர்கள் ஒரு கூட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில், 2024 டிசம்பரில், அதே சோட்டோ நியூயார்க் மெட்ஸிடம் 76.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்!

அங்கே வீரர்களுக்கு இந்தச் சுதந்திரம் சும்மா வரவில்லை. 1969இல் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரரை அவரைக் கேட்காமலே செயின்ட் லூயிஸ் அணி ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. ‘நான் வாங்கி விற்கும் பொருளா?’ என்பதுதான் அவர் வழக்கின் சாரம். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், ஆட்ட வாழ்க்கையும் போனது. ஆனால் அவர் திறந்த பாதையில்தான் 1975இல் மற்றவர்கள் ஜெயித்தார்கள். ஐபிஎல்லில் இன்று மாற்றலுக்கு வீரரின் சம்மதம் வேண்டும். ஜடேஜாவும் சம்மதித்துத்தான் போனார். 2010இல் அணி மாறப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர், 2025இல் தானே சம்மதித்து அதே ராஜஸ்தானுக்குப் போகிறார் என்பது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

சரி, நம் கணக்குக்கு வருவோம். என் கருத்தில் தவறு 2025இல் நடக்கவில்லை, 2024 அக்டோபர் 31 அன்று நடந்தது. ருதுராஜ் 18 கோடி, ஜடேஜா 18, பதிரானா 13, துபே 12, தோனி 4. ஐந்து பேருக்கு 65 கோடி. 120 கோடியில் மீதி 55. (ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் ‘ஆடாதவர்’ கணக்கில் சேருவார் என்ற பழைய விதி மறுபடி வந்ததால்தான் தோனி 4 கோடிக்குக் கிடைத்தார். அந்த விதி யாருக்காக வந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா!) 36 வயதை நெருங்கும் ஜடேஜாவுக்கு, மூன்று வருடச் சுழற்சியின் தொடக்கத்தில், அணியின் மிக உயர்ந்த விலை. 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது சிக்ஸரும் ஃபோருமாக அடித்தாரே, அந்த இரண்டு பந்துக்கான நன்றிக்கடன் அந்த 18 கோடியில் இருக்கிறது என்பது என் சந்தேகம். விளைவு? 2025இல் 14 ஆட்டத்தில் 4 வெற்றி, வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடம். அதற்கு ஜடேஜா மட்டும் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். கேப்டன் ருதுராஜ் காயத்தால் பாதியில் போனார், மேல்வரிசை மொத்தமும் சொதப்பியது. ஆனால் இடத்தை நிரப்பக் கையில் பணம் இல்லாமல் போனதற்கு அந்தப் பட்டியல்தான் காரணம்.

எங்கள் ஜவ்வாது மலையில் உழவு மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லும் சந்தையில், ஒரு வருடம் தாமதித்தால் பாதி விலைதான். ஆனாலும் பிள்ளைபோல வளர்த்ததை ஓட்டிக்கொண்டு மலையிறங்க மனசு வராது. (ஜடேஜா ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், மாட்டை நாங்கள் சாமியாகக் கும்பிடுகிறவர்கள்!)

மாற்றலின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. ஜடேஜாவின் விலை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. கரன் 2.4 கோடி, சாம்சன் 18 கோடி. சென்னைக்கு வெளியே போனது 20.4, உள்ளே வந்தது 18, மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தானுக்கு வெளியே போனது 18, உள்ளே வந்தது 16.4, மிச்சம் 1.6 கோடி. இரண்டு மிச்சத்தையும் கூட்டுங்கள், சரியாக 4 கோடி. இரண்டு அணிகளும் லாபம் பார்த்தது ஜடேஜாவின் சம்பளத்தில் குறைந்த அதே 4 கோடியில்தான்!

பதிலுக்கு வந்த சாம்சனுக்கு அப்போது 31 வயது. விக்கெட் கீப்பர், கேப்டனாக இருந்தவர். தோனிக்கு அப்போது 44. யாருடைய இடத்துக்காக அவர் வந்திருக்கிறார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வகையில் மாற்றல் சரியான முடிவு என்றே நினைக்கிறேன், தாமதமாக வந்த சரியான முடிவு.

ஜடேஜாவின் இடம்? 2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலத்தில் சென்னை 14.2 கோடி கொடுத்து பிரசாந்த் வீர் என்ற 20 வயது உத்தரப்பிரதேசப் பையனை எடுத்தது. இடது கைச் சுழல், கீழ்வரிசையில் அதிரடி. சர்வதேச ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவருக்கு அதுவரை கொடுக்கப்படாத தொகை. ஜடேஜாவின் புதுச் சம்பளத்தை விட 20 லட்சம் அதிகம்.